‘அரிய பழங்காசுத் தொகுப்பு’: விளம்பரத்தில் இருப்பதும் பொட்டலத்தில் வருவதும்

‘பிரிட்டிஷ் இந்தியா அரிய நாணயத் தொகுப்பு, 8 காசுகள், நூறு சதவீதம் ஒரிஜினல்’ என்ற தலைப்போடு ஒரு பெரிய இணையச் சந்தையில் விற்கப்படும் பொட்டலத்தையும், அதே விற்பனையாளரிடம் தனியாக வாங்கிய ஒரு வெள்ளி ரூபாயையும் பற்றிய மதிப்பீடு இது. தொகுப்பின் விலை 2,499 ரூபாய். பக்கத்திலேயே 8,999 என்று எழுதி அடித்துக் காட்டியிருப்பார்கள். பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருப் பிள்ளைகள் சிலருக்கு இப்போது காசு சேர்க்கும் ஆசை வந்திருக்கிறது. அவர்களில் என் தங்கை மகனும் ஒருவன். பொங்கலுக்குப் பெரியவர்கள் கொடுத்த பணத்தில் இதை வாங்கப் போவதாக அவன் கைப்பேசியை நீட்டியபோது, பிள்ளையின் பணம் போவதைவிட என் பணம் போகட்டும் என்று நானே வாங்கினேன். 1985-இல் எரிந்து போன பழைய மூர் மார்க்கெட்டில் காசு பொறுக்கிப் பழகியவன் என்பதால், பார்த்த மாத்திரத்திலேயே இதில் பாதிக்கு மேல் தேறாது என்று தெரியும். எப்படித் தேறாது என்பதை அவனுக்குக் காசு காசாகக் காட்ட வேண்டியிருந்தது. விற்பவரின் பெயரையும் சந்தையின் பெயரையும் இங்கே குறிப்பிடவில்லை. இதே படங்களும் இதே வாசகங்களும் வேறு வேறு கடைப் பெயர்களில் பல இடங்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒருவர் பெயரைச் சொன்னால் மற்றவர்களெல்லாம் யோக்கியர்கள் என்றாகிவிடும்.

முதலில் விளம்பரத்தையே ஒரு பத்திரத்தைப் படிப்பதுபோல் வரி வரியாகப் படிக்க வேண்டும். தலைப்பில் ‘ஒரிஜினல்’ என்று இருக்கிறது. அதற்குக் கீழே விரலால் நான்கு முறை தள்ளிய பிறகு வரும் விவரப் பகுதியில் ‘ஆன்டிக் ஸ்டைல் டோக்கன்’, அதாவது பழங்காசுபோல் செய்த வில்லை, என்று இருக்கிறது. உலோகம் என்ற இடத்தில் ‘மெட்டல்’ என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். வெள்ளி என்றோ செம்பு என்றோ எழுதினால் அது பின்னாளில் சாட்சியாகிவிடும் அல்லவா? ஆண்டு என்ற இடத்தில் ‘படத்தில் உள்ளபடி’ என்றும், எல்லாவற்றுக்கும் கடைசியில் ‘படம் மாதிரிக்காக மட்டுமே’ என்றும் இருக்கிறது. ஆக, ஆண்டைத் தெரிந்துகொள்ளப் படத்தைப் பார்க்கச் சொல்கிறவரே படத்தை நம்ப வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறார். வாங்குகிறவன் தலைப்பையும் படத்தையும் பார்த்து வாங்குவான், சண்டை வந்தால் விற்கிறவர் விவரப் பகுதியைக் காட்டுவார் என்ற கணக்கில்தான் இந்த விளம்பரம் எழுதப்பட்டிருக்கிறது. நாணயத்தில் இருக்கும் போலியைவிட இந்த எழுத்தில் இருக்கும் சாமர்த்தியமே எனக்கு அதிக எரிச்சலைத் தந்தது. படங்களில் ஒன்றை வைத்து அதன் மூலத்தை இணையத்தில் தேடியதில், அது ஏதோ ஏல நிறுவனத்தின் பட்டியலில் இருந்து எடுத்து, ஓரத்தில் இருந்த முத்திரையை வெட்டிவிட்டுப் போட்ட படம் என்று தெரிந்தது.

பொட்டலம் சொன்ன நாளுக்கு முன்பே வந்தது. அந்த மட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. காசுகளை மலிவான பிளாஸ்டிக் உறைகளில் போட்டு, அதில் ஒன்றை நேரடியாகச் செலோ டேப்பால் ஒட்டியிருந்தார்கள். இவ்வகை பி.வி.சி. உறைகளில் செம்புக் காசுகளை விட்டு வைத்தால் நாளடைவில் பச்சையாகப் பிசுபிசுத்துப் போகும். எங்கிருந்து எந்தக் காசு வந்தாலும் முதல் வேலையாக உறையை மாற்றிவிடுவது நல்லது.

எட்டில் நான்கு காசுகள் சாமிக் காசுகள். ஒன்றில் ராமர் பட்டாபிஷேகம், ஒன்றில் சஞ்சீவி மலையைத் தூக்கிய அனுமன், மற்ற இரண்டில் சிவனும் தாமரையும். பின்புறம் ‘ஈஸ்ட் இந்தியா கம்பெனி’, ‘ஹாஃப் அணா’, ‘யு.கே.’ என்ற எழுத்துகளும், 1616, 1717, 1818 என்ற ஆண்டுகளும் இருக்கின்றன. வட சென்னைக்காரர்களுக்கு இதில் முதல் கேள்வியே ஆண்டைப் பற்றியதாகத்தான் இருக்க வேண்டும். கம்பெனிக்காரர்கள் நம் கடற்கரையில் இடம் வாங்கியதே 1639-இல்தான்; 1616-இல் இங்கே கோட்டையும் இல்லை, அவர்கள் அணாக் கணக்கில் காசு அடிக்கவும் இல்லை. ‘யுனைடெட் கிங்டம்’ என்ற பெயரில் அந்த நாடு அமைந்தது 1801-இல். ஆக 1616, 1717 என்ற ஆண்டுகளோடு ‘யு.கே.’ என்ற எழுத்தையும் சேர்த்துப் பொறித்தவருக்கு வரலாறு தெரியாது, அல்லது வாங்குகிறவருக்குத் தெரியாது என்பது தெரியும். 1818-க்கும் அதே கதைதான். அதுவரை சென்னை மாகாணத்தில் வராகன், பணம், காசு என்றுதான் கணக்கு. 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். அந்த 1818-இல்தான் வராகனை விட்டு ரூபாயைத் தர நாணயமாக இங்கே ஏற்றார்கள்.

இப்படிச் சொன்னால் விற்பனையாளர்கள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: கம்பெனி இந்து தெய்வங்களின் உருவத்தைப் பொறித்துக் காசு அடித்தது உண்மைதானே என்பார்கள். உண்மைதான். சென்னையில் கம்பெனி அடித்த தங்க வராகன்களில் பெருமாள் இருக்கிறார்; மூன்று சாமி வராகன் என்று சேகரிப்பாளர்கள் சொல்வதில் இரு தேவியருடனும் இருக்கிறார். நட்சத்திர வராகனில் ஒரு பக்கம் பெருமாளும் மறுபக்கம் புள்ளிகளுக்கு நடுவே நட்சத்திரமும் இருக்கும். ஆனால் அவை எல்லாம் ஏறத்தாழ மூன்றரைக் கிராம் எடையில், சுண்டு விரல் நகத்தளவே உள்ள சிறிய தங்கக் காசுகள். பெரிய வட்டமாக, ‘ஹாஃப் அணா’ என்ற ஆங்கில எழுத்தோடு, ராமர் பட்டாபிஷேகத்தைச் செம்பில் கம்பெனி எக்காலத்திலும் அடித்ததில்லை. நம் கைக்கு வருபவை பிற்காலத்தில் பூஜைக்கும் நினைவுப் பொருளாகவும் செய்து விற்கப்பட்ட வில்லைகள். அவற்றைப் பூஜை வில்லை என்று சொல்லி விற்றால் யாருக்கும் வருத்தமில்லை. எங்கள் வீட்டுப் பூஜை அறையிலும் ஒன்று இருக்கிறது. 200 ஆண்டுப் பழமை என்று சொல்லி விலையை ஏற்றுவதுதான் குற்றம். இவற்றிலேயே சிலவற்றை அரிசியை இழுக்கும் காசு, மின்சக்தி உள்ள காசு என்று லட்சக்கணக்கில் பேரம் பேசும் கூட்டமும் உண்டு. அது காவல் நிலையத்துக்குப் போக வேண்டிய விஷயம் என்பதால் இங்கே விட்டுவிடுகிறேன்.

அடுத்த இரண்டும் ‘விக்டோரியா வெள்ளி ரூபாய், 1840’. உண்மையான ரூபாய் 11.66 கிராம் இருக்க வேண்டும், அதில் 91.7 சதவீதம் வெள்ளி. என் சிறிய மின்தராசில் ஒன்று 9.2 கிராம்தான் காட்டியது, மற்றதும் ஏறக்குறைய அதே. இந்த எடைக் குறைவே போதும் என்றாலும், தேய்ந்த காசு என்று விற்பவர் சொல்லக்கூடும் என்பதால் தண்ணீர்ச் சோதனையும் செய்தேன். தராசின் மேல் ஒரு சிறிய தம்ளரில் தண்ணீர் வைத்து, தராசைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, காசை மெல்லிய நூலில் கட்டி, தம்ளரின் அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுவதும் மூழ்கும்படி தொங்கவிட வேண்டும். அப்போது தராசு காட்டும் எண்ணால் காசின் எடையை வகுத்தால் அதன் அடர்த்தி கிடைத்துவிடும். நல்ல ரூபாய்க்குத் தராசு 1.13 அளவில் காட்டும், 11.66-ஐ அதனால் வகுத்தால் 10.3 வரும். எனக்கு வந்த காசுக்குத் தராசு 1.07 காட்டியது, வகுத்தால் 8.6. அது பித்தளையின் அடர்த்தி. தேய்மானத்தால் எடை குறையலாம், அடர்த்தி குறையாது. காந்தம் ஒட்டவில்லை என்பதைச் சிலர் சான்றாகச் சொல்வார்கள். பித்தளையிலும் செம்பிலும்கூடக் காந்தம் ஒட்டாது என்பதால், ஒட்டினால் போலி என்று மட்டும் எடுத்துக்கொள்ளலாமே தவிர, ஒட்டாததால் அசல் என்று சொல்லிவிட முடியாது.

இருந்தாலும் ஒரு கைதேர்ந்தவர் பார்க்கட்டும் என்று தங்கசாலைத் தெருப் பக்கம் எனக்குப் பழக்கமான வெள்ளிப் பட்டறைக்கு எடுத்துப் போனேன். பத்தர் உரைகல்லை எடுக்கவே இல்லை.

“எங்கண்ணே வாங்குனீங்க இத?”

“ஆன்லைன்ல வந்துச்சு. உரசிப் பாருங்களேன்.”

“இதுக்கு எதுக்குண்ணே உரசுறது? சுண்டி வுட்டுப் பாருங்க, சத்தமே சொல்லிடும். மேல வெறும் முலாம்தான். எலுமிச்சங்காயப் போட்டுத் தேய்க்கச் சொல்லிடாதீங்க வீட்ல, வெளுத்துரும்.”

அவர் தம்முடைய பெட்டியில் இருந்த ஒரு பழைய ரூபாயை விரல் நுனியில் வைத்துச் சுண்டிக் காட்டினார். அது கணீரென்று நீண்டு ஒலித்தது. எனக்கு வந்தது தட்டென்று விழுந்தது. கம்பெனி காலத்தில் நாணயம் அடிக்கும் அக்கசாலை இயங்கிய பகுதி இது என்பதையும், அதே பகுதியில் இன்று ஒரு காசை அசலா என்று பார்க்கப் பத்து ரூபாய்கூட வாங்காமல் சொல்லிவிடும் கைகள் இருக்கின்றன என்பதையும், இணையத்தில் வாங்கும் வட சென்னைக்காரர்கள் மறந்துவிடுகிறார்கள்.

மீதி இரண்டு காசுகள் அசல். ஒன்று 1835-ஆம் ஆண்டின் கால் அணா. மற்றொன்று 1808-ஆம் ஆண்டின் 20 காசு. இதை நான் பாராட்டாகச் சொல்லவில்லை. இவ்விரண்டும் தொகுப்புக்குள் வைக்கப்பட்டிருப்பதற்குக் காரணம் இருக்கிறது: யாராவது புகார் செய்தால், அசலும் இருக்கிறதே என்று காட்டலாம், விவரம் தெரிந்த ஒருவர் படத்தைப் பார்த்தாலும் இந்த இரண்டின் மேல் கண் பட்டால் மற்றவற்றையும் நம்பிவிடலாம். எண்பது பங்கு அரிசிக்கு இருபது பங்கு கல் கலப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே கல்லில் அரிசியைக் கலந்திருக்கிறார்கள்.

அந்த 20 காசைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விளம்பரத்தில் அதற்கு ‘கடல் புதையல், மிக மிக அரிது’ என்று தனிப் பட்டம் கட்டியிருக்கிறார்கள். இங்கிலாந்தின் பர்மிங்காமில் இருந்த சோஹோ அக்கசாலையில் சென்னை மாகாணத்துக்கென்றே அடிக்கப்பட்ட 10 காசு, 20 காசு நாணயங்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கடற்கரையோரமே குட்வின் மணல் திட்டில் சிக்கி மூழ்கியது. 1980-களில் அந்தக் கப்பலில் இருந்து காசுகளை ஏராளமாக மேலே கொண்டுவந்தார்கள். ஆகவே கடல் புதையல் என்ற பாதி உண்மை. மேலே வந்தவை ஏராளம் என்பதால்தான் ‘மிக மிக அரிது’ என்ற மறுபாதி பொய்யாகிறது. அதுபோக, எனக்கு வந்த காசு கடலுக்குள் கிடந்ததே இல்லை. கப்பலோடு மூழ்கியவை புழக்கத்துக்கு வராதவை. என் காசோ எத்தனையோ கைகள் மாறித் தேய்ந்து, சிங்கங்கள் தாங்கிய கம்பெனிச் சின்னமே மழுங்கிப் போனது. மறுபக்கம் இருக்கும் பாரசீக எழுத்து இன்னும் தெளிவாகத் தெரிகிறது. இங்கேயே, இந்தக் கடற்கரையில் இறங்கி, இந்தக் கடைத்தெருக்களிலேயே புழங்கிய காசாக இருக்கலாம் என்பதால் எனக்கு அது புதையலைவிடப் பிடித்திருக்கிறது. விற்பவருக்கு அது தெரியாது.

தனியாக வாங்கிய வெள்ளி ரூபாய்க்கு வருவோம். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் 1911-ஆம் ஆண்டு ரூபாயில், அவர் அணிந்திருக்கும் சங்கிலியில் உள்ள யானை உருவம் பன்றிபோல் தெரிந்ததால் எதிர்ப்பு கிளம்பி, வெளியிட்டதை நிறுத்தி, 1912-இல் யானையின் துதிக்கை தெளிவாகத் தெரியும்படி திருத்தி வெளியிட்டார்கள். ‘பன்றி ரூபாய்’ என்று சேகரிப்பவர்கள் அதற்குக் கூடுதல் விலை தருவது இதனால்தான். படத்தில் இருந்தது 1911. வந்தது 1918. வெள்ளி சரி, எடை சரி, ஓசை சரி. ஆண்டு மட்டும் மாறிவிட்டது. ஒவ்வொரு ரூபாயிலும் 10.69 கிராம் தூய வெள்ளி இருப்பதால் 1918-க்கும் வெள்ளி விலை உண்டு, ஆனால் நான் கொடுத்தது பன்றியின் விலை. கேட்டபோது, ‘இருப்பில் உள்ள ஆண்டு அனுப்பப்படும்’ என்ற வரியைக் காட்டினார்கள். அந்த வரி நான் வாங்கியபோது எடுத்து வைத்த ஸ்கிரீன்ஷாட்டில் இல்லை. இணையத்தில் எந்தக் காசு வாங்கினாலும், பணம் கட்டுவதற்கு முன் விளம்பரப் பக்கம் முழுவதையும் படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று என் தங்கை மகனுக்குச் சொன்னேன்.

இதே கடையில் 1939-ஆம் ஆண்டு ரூபாய் ஒன்றும் விற்பனைக்கு இருக்கிறது. அதை நான் வாங்கவில்லை. வாங்குகிறவர்களுக்கு ஒரு சொல் மட்டும். ஆறாம் ஜார்ஜின் ரூபாய்களில் 1939 மிக அரிது, 1938 எளிதாகக் கிடைக்கும். 1938-இன் எட்டைச் சுரண்டி ஒன்பதாக்குவது பழைய தந்திரம். இரண்டும் ஒரே தரத்து வெள்ளி, ஒரே எடை. ஆகையால் மேலே சொன்ன தண்ணீர்ச் சோதனை இங்கே உதவாது. அந்தக் கடைசி இலக்கத்தைச் சுற்றி உளிக் கீறலோ, மெருகு மாற்றமோ இருக்கிறதா என்று நல்ல உருப்பெருக்கிக் கண்ணாடியால் நேரில் பார்த்தால்தான் தெரியும். நேரில் பார்க்க முடியாத இடத்தில் 1939 வாங்கவே கூடாது என்பது என் கருத்து.

புதிய காசுகளிலும் இதே வியாபாரம் நடக்கிறது. 2012 என்று ஆண்டு பொறித்த வைஷ்ணவ தேவி 5 ரூபாயும் 10 ரூபாயும் புழக்கத்துக்காக அடிக்கப்பட்டவை; பால் கடையில் சில்லறையாகவே கிடைத்தவை. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கான 1,000 ரூபாய் நாணயம் வேறு வகை: 80 சதவீத வெள்ளி, 35 கிராம், 44 மில்லிமீட்டர் விட்டம். அதன் படத்தைப் போட்டு முலாம் பூசிய வில்லையை விற்பவர்களும் இருக்கிறார்கள். நினைவு நாணயங்கள் வேண்டுமென்றால், ஒன்றிய அரசின் அக்கசாலைகளை நடத்தும் நிறுவனமே தன் இணையதளத்தில் உறையோடு விற்கிறது. முன்பதிவு செய்துவிட்டுப் பல மாதம் காத்திருக்கும் பொறுமை மட்டும் வேண்டும்.

பணத்தைத் திரும்பக் கேட்ட கதை நீளமானது, சுருக்கிச் சொல்கிறேன். முதலில் பொட்டலத்தைப் பிரித்த வீடியோ கேட்டார்கள், இருந்தது, அனுப்பினேன். பிறகு ‘டோக்கன்’ என்ற சொல்லைக் காட்டினார்கள். அதன் பிறகு 600 ரூபாய் திருப்பித் தருவதாகவும், காசுகளையும் நானே வைத்துக்கொள்ளலாம் என்றும், பதிலுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுக்க வேண்டும் என்றும் ஒரு செய்தி வந்தது. அந்தக் கடையின் பக்கத்தில் மின்னும் நட்சத்திரங்கள் எப்படி வந்தன என்பது அப்போதுதான் விளங்கியது. நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள், 2020-இன்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது. சந்தையின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இந்த விதியைக் குறிப்பிட்டு, எடையும் அடர்த்தியும் எழுதிய ஒரு தாளைப் படமெடுத்து இணைத்து, குறைதீர் அலுவலருக்கே எழுதிய பிறகு தொகுப்பின் முழுத் தொகையும் வந்தது. வெள்ளி ரூபாயின் கணக்கு இன்னும் முடியவில்லை. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்திருக்கிறேன். அதிலும் முடியாவிட்டால், 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி வாங்கியவர் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம் என்பதாலும், 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை என்பதாலும், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக இருக்கிறேன்.

வாங்குவதில் போகும் பணத்துக்கு ஓர் எல்லை உண்டு. விற்கிறேன் என்று போனால் அந்த எல்லையும் இல்லை. தண்டையார்பேட்டையில் எங்களுக்குத் தெரிந்த ஓர் அம்மா, டிராக்டர் படம் போட்ட பழைய 5 ரூபாய் நோட்டுக்குப் பல லட்சம் தருவதாக வந்த ஒரு விளம்பரத்துக்குப் பதில் அனுப்பினார். நோட்டை யாரும் வாங்க வரவில்லை. பதிவுக் கட்டணம் என்றும், வரி என்றும், பணம் கொண்டுவரும் வண்டிக்கு என்றும் அவரிடமிருந்துதான் பணம் போய்க்கொண்டே இருந்தது. ரிசர்வ் வங்கியின் சின்னம் போட்ட ஒரு கடிதமும் கைப்பேசியில் வந்திருந்தது. பழைய நோட்டு, நாணயம் வாங்கும் விற்கும் வேலையில் தாங்கள் ஈடுபடுவதில்லை, அதற்காகக் கட்டணமோ தரகோ யாரிடமும் கேட்பதில்லை, தங்கள் பெயரில் கேட்க யாரையும் நியமிக்கவும் இல்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட் 4-இல் அறிவித்திருக்கிறது. விற்கிறவரிடமே முன்பணம் கேட்கும் காசு வியாபாரி உலகத்தில் இல்லை. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் இருக்காமல் உடனே இணைய மோசடிக்கான உதவி எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்கு அந்தப் பணம் அடுத்த கணக்குக்குப் போகுமுன் தடுத்து நிறுத்த வாய்ப்பு இருக்கிறது.

தொகுப்புக்கு நான் கொடுக்கும் மதிப்பு 5-க்கு 1. அந்த ஒன்றும் அந்த 20 காசுக்காக. புதிதாகச் சேர்க்கத் தொடங்குகிற பிள்ளைகள், எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவை ஒருமுறை பார்த்துவிட்டு, மெட்ராஸ் காயின் சொசைட்டி போன்ற சேகரிப்பாளர் சங்கங்கள் நடத்தும் கண்காட்சிகளுக்குப் போய், காசைக் கையில் வாங்கிப் பார்த்து, ரசீது எழுதித் தரச் சொல்லி வாங்கலாம். ரசீதில் ஆண்டையும், உலோகத்தையும், ‘அசல் அல்ல என்று தெரிந்தால் பணம் திருப்பித் தரப்படும்’ என்ற வரியையும் எழுதச் சொன்னால் நல்ல வியாபாரி முகம் சுளிக்க மாட்டார். 1835-ஆம் ஆண்டுக் கால் அணா அங்கே சில நூறு ரூபாய்க்குள் பேரம் பேசி வாங்கக் கூடியது. என் தங்கை மகன் அதில் இருந்து தொடங்கட்டும் என்று அடுத்த கண்காட்சிக்கு அவனையும் அழைத்துப் போகிறேன், தராசோடு.